மைனருக்கு வந்த நீரடைப்பு

எங்கள் வீட்டுப் பூனைக்கு மைனர் என்று பெயர் வைத்தவர் பெரியப்பா. பாராட்டி வைத்த பெயர் அல்ல. பகல் முழுக்கக் கடலைக்காய் மூட்டைகளின் மேல் கால் நீட்டித் தூங்குவது, பொழுது சாய்ந்ததும் உடம்பை நக்கி மினுக்கிக்கொண்டு அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்குக் கிளம்புவது, விடிந்தபின் காதில் புதிதாக ஒரு கீறலோடு திரும்பி வருவது. இப்படி ஒரு பிறவிக்கு வேறென்ன பெயர் வைப்பது என்பது அவருடைய கேள்வி. திட்டுவதற்காகச் சொன்ன சொல் அதற்கே பெயராக நிலைத்துவிட்டது. மைனரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டது.

வேலை வெட்டி இல்லாதவன் என்று பெரியப்பா சொன்னது மட்டும் அநியாயம். மைனர் வருவதற்கு முன்னால் எங்கள் கடலைக்காய் அறையில் எலிகள் சாக்கை ஓட்டை போட்டு, தொலியை மட்டும் எங்களுக்கு மிச்சம் வைத்தன. அது வந்த பிறகு ஓட்டையும் இல்லை, எலியும் இல்லை. அந்தச் சேவைக்குக் கூலியாகப் பெரியம்மா தினமும் சுட்ட கருவாட்டுத் துண்டு ஒன்றை அதன் முன்னால் போடுவார். என் பங்கு கருவாட்டிலிருந்தும் ஒரு துண்டு ரகசியமாகப் போகும். தண்ணீரை மைனர் சீண்டாது. சட்டியில் ஊற்றி வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எழுபதுகளின் கடைசி வருஷங்கள். வெண்ணந்தூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எங்கள் தோட்டம். பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அம்மா, நான் என ஐந்து பேர் ஒரே சமையல். பெரியப்பாவின் மகளை எடப்பாடிப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டதால் வீட்டில் நான் ஒருத்திதான் குழந்தை. மைனரை இரண்டாவது குழந்தையாக நான் மட்டும் கணக்கில் வைத்திருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை மாலை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மைனர் அடுப்புச் சாம்பல் கொட்டும் குழியில் உட்கார்ந்திருந்தது. வழக்கமாக அந்தக் காரியத்தை அது பருத்திக் காட்டுக்குள் மறைவாக முடித்துக்கொள்ளும். நாகரிகம் தெரிந்த பூனை. அன்று வெட்டவெளியில் எல்லோர் கண்ணிலும் படும்படி முதுகை வளைத்து உட்கார்ந்து, எழுந்து, இரண்டடி நகர்ந்து மறுபடியும் உட்கார்ந்தது. நான் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அந்தச் சிரிப்பு இப்போதும் எனக்கு உறுத்தும்.

வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்குள்ளேயே ஆரம்பித்தது. முதலில் பெரியம்மா மடித்து வைத்திருந்த துணிக் குவியல். அடுத்து, கிணற்றடிக்கு எடுத்துப்போக வைத்திருந்த வெண்கலக் குண்டா. அதன்பின் பெரியப்பாவின் சலவை வேட்டி. போய் உட்காரும், முக்கும், ஒரு சொட்டு விழுந்தாலும் விழும், விழாமலும் போகும். மைனருக்குத் திமிர் ஏறிவிட்டதென்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டினார்கள். பெரியம்மா விளக்குமாற்றால் ஒன்று வைத்தார். அப்போதும் அது ஓடவில்லை. அடி வாங்கிய இடத்திலேயே திரும்பவும் உட்கார்ந்து, அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எடுத்தது. பசிக்குக் கத்தும் கத்தல் இல்லை அது. எங்கள் கன்றுக்குட்டி கூட நின்று திரும்பிப் பார்த்தது.

அம்மாதான் முதலில் இரக்கப்பட்டவர். "அது திமிரு இல்லீங்க்கா, வயித்துக் கட்டாட்ட இருக்குது" என்றார் பெரியம்மாவிடம். வயிறு கட்டிக்கொண்டால் எங்கள் வீட்டில் ஒரே மருந்துதான், விளக்கெண்ணெய். எனக்கு மாதம் ஒரு தடவை புகட்டும் அதே பாலாடைச் சங்கை எடுத்துவந்து, நான் கால்களைப் பிடித்துக்கொள்ள, அம்மா மைனரின் வாயில் எண்ணெய் விட்டார். பாதி அதன் மீசையிலும் பாதி என் பாவாடையிலும் போயிற்று. அம்மாவின் புறங்கையில் நான்கு கோடுகள் விழுந்தன. நல்ல காரியம் செய்த திருப்தியோடு அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

சனிக்கிழமை விடிந்தபோது மைனர் கருவாட்டைத் தொடவில்லை. கடலைக்காய் மூட்டைகளுக்குப் பின்னால் இருட்டில் ஒடுங்கிக் கிடந்தது. தூக்கி வந்து வாசலில் விட்டேன். மஞ்சளாக வாந்தி எடுத்தது. பின்னங்காலை அகட்டிக்கொண்டு ஓயாமல் தன்னையே நக்கியது. வயிற்றில் கை வைத்தால் பல்லைக் காட்டியது. அதுவரை என்னிடம் ஒரு தடவைகூடப் பல்லைக் காட்டாத பூனை.

அப்பா கிணற்று மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கையெல்லாம் கிரீஸாக உட்கார்ந்திருந்தார். நான் போய் அழுதேன். ராசிபுரம் மாட்டாஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"ஏஞ் சாமி, மாட்டாஸ்பத்திரியில மாடு பாப்பாங்க. பூனைக்கு எங்க போயி ஆஸ்பத்திரி கட்டுறது? கெடக்குட்டும், தானா எந்திரிச்சு ஓடிரும்" என்றார். சொன்னதில் கடுமை ஒன்றும் இல்லை. நூற்றுக்கு நூறு பேர் அந்தக் காலத்தில் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அப்போதுதான் பெரியப்பா காட்டிலிருந்து வந்தார். அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆறடி உயரம், முறுக்கிய மீசை, நான்கு ஊருக்குக் கேட்கும் குரல். ஆஸ்பத்திரி வாசற்படியை மிதிக்காதவர் என்பது அவருக்குப் பெரிய பெருமை. காய்ச்சல் வந்தால் ராகிக் களியைத் தின்றுவிட்டு வெயிலில் படுத்துக்கொள்வார், காய்ச்சல் பயந்து ஓடிவிடுமாம். அவரிடம் போய் நான் பூனைக்காக அழ மாட்டேன். அழுதால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவர் வந்த நேரம் மைனர் வாசல் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து முக்கிக்கொண்டிருந்தது. உடம்பு நடுங்கியது. குரல் எழும்பவில்லை, வாய் மட்டும் திறந்து மூடியது. கடைசியில் தரையில் ஒரு சொட்டு விழுந்தது. வெற்றிலை எச்சில் போலச் சிவப்பு.

பெரியப்பா நின்றுவிட்டார். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு அந்தச் சொட்டையே பார்த்தார். பிறகு ஒரு கையை முழங்காலில் ஊன்றி மெதுவாகக் குனிந்து மைனரின் முகத்தைப் பார்த்தார். அவர் அதன் முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"எத்தன நேரமா இப்படி முக்குது?"

நேற்றுக் காலையிலிருந்து என்றேன். முந்தாநாளே ஆரம்பித்துவிட்டது என்பதைச் சொல்லப் பயமாக இருந்தது, இருந்தும் சொன்னேன்.

"ஒயர்க் கூடைய எடுத்தா சாமி. அடியில துணி போடு. பஸ்ஸுக்குப் போலாம்."

அப்பா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "ஏனுங்ண்ணா, நெசமாலுமேவா?" என்று கேட்டார். பெரியப்பா சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். வெளியூர்ப் பஞ்சாயத்துக்குப் போகும்போது மட்டும் போடும் வெள்ளைச் சட்டை. பெரியம்மா வாசலுக்கு வந்து பெரியப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ராசிபுரம் பஸ்ஸில் சன்னலோர இடம் கிடைத்தது. கூடையை மடியில் வைத்து மேலே துண்டைப் போர்த்தியிருந்தேன். உள்ளிருந்து சன்னமாக முனகல் வந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த பெண் ஒருத்தி, கோழியா என்று கேட்டாள். பூனை என்றேன். அவள் பெரியப்பாவின் மீசையையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பெரியப்பா அதைக் கண்டுகொள்ளவில்லை. முன் இருக்கையின் கம்பியை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்திருந்தார். பஸ் குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார்.

பாதி வழியில் எழுந்து நின்று, "ஏனுங்க கண்டக்டரே, செத்த நிறுத்துங்க" என்றார். பஸ் நின்றது. இறங்கி வேலிமுள் மறைவுக்குப் போனார். போனவர் வரவில்லை. கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தார். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பின்னாலிருந்து யாரோ, "அவரு கெணறு வெட்டப் போயிட்டாருங்களா?" என்றார்கள். பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட ஆத்திரம்தான் அதிகம். கூடைக்குள் ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கிறது, இவர் அங்கே காற்று வாங்குகிறாரே என்ற ஆத்திரம்.

திரும்பி வந்தபோது நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. உட்கார்ந்ததும் நான் கேட்டேவிட்டேன். "ஏம் பெரியப்பா இத்தன நேரம்? மைனருக்கு நேரமாச்சுங்களல்ல?" என் வாழ்நாளில் அவரை அதட்டியது அந்த ஒரு தடவைதான். அவர் கோபிக்கவில்லை. கூடை மேல் கையை வைத்து, "ஆமாஞ் சாமி, நேரமாகிப் போச்சு" என்றார்.

மாட்டாஸ்பத்திரியில் எருமைகளும் கறவை மாடுகளும் வெள்ளாடுகளும் வரிசையில் நின்றன. அவற்றுக்கு நடுவே பெரியப்பா பச்சை ஒயர்க் கூடையோடு நின்றார். தெரிந்தவர்கள் இரண்டு பேர் வந்து கும்பிட்டு, கூடைக்குள் என்ன என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அவர் "பூனைங்க. உடம்புக்கு முடியல" என்று ஏதோ உறவுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோலவே சொன்னார். கேட்டவர்களுக்குச் சிரிப்பதா கூடாதா என்று தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு கிழவர் மட்டும் கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, தன் ஆட்டை ஓரமாக இழுத்துக்கொண்டு வழி விட்டார். அவருக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

டாக்டர் சின்ன வயசு. கிழக்குச் சீமைக்காரர் என்பது பேச்சில் தெரிந்தது. மைனரின் வயிற்றை இரண்டு விரல்களால் அழுத்திப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. என் கையைப் பிடித்து அதே இடத்தில் மெல்ல வைத்தார். உள்ளே எலுமிச்சங்காய் ஒன்று இருப்பதுபோல உருண்டையாகக் கெட்டியாக இருந்தது.

"இது வயித்துக் கட்டு இல்ல. மூத்திரப்பை. உள்ளே நிறைஞ்சு நிக்குது, வெளியே வர வழி அடைச்சுக்கிட்டிருக்கு" என்றார்.

மாட்டுக்குப் போடும் குழாய்கள் அங்கே பூனையின் வாலைவிடத் தடிமனாகத்தான் இருந்தன. கம்பவுண்டரை மருந்துக் கடைக்கு ஓடவிட்டு, கைக்குழந்தைகளுக்குக் குளுக்கோஸ் ஏற்றும் நூல் போன்ற குழாயை வாங்கி வரச் சொன்னார். அது வருவதற்குள் மைனருக்கு ஒரு ஊசி போட்டார். அதன் கண் பாதி திறந்தபடியே நின்றது. செத்துவிட்டதென்று நான் கத்தினேன். மயக்கம்தான் என்று சொல்லி என்னைக் கதவோரம் நிற்க வைத்தார்.

பெரியப்பா வெளியே போகவில்லை. மைனரின் பின்னங்கால்களைத் தானே பிடித்துக்கொண்டார். டாக்டர் முதலில் விரலால் நீவிவிட்டார். சுண்ணாம்புக் குழம்பு போல ஏதோ ஒரு துளி வந்தது. "இதான் மூடி" என்றார். பிறகு அந்த நூல் குழாயை மெதுவாக நுழைத்து, சிரிஞ்சில் உப்புத் தண்ணீர் வைத்துத் தள்ளினார். இழுத்தார், மறுபடி தள்ளினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு ஒரு நாள் முழுவதும் போலிருந்தது.

திடீரென்று கழன்றது. அடியில் வைத்திருந்த பீங்கான் தட்டில் சிவந்த தண்ணீர் நூலாக விழ ஆரம்பித்து, விழுந்துகொண்டே இருந்தது. அத்தனை சின்ன உடம்புக்குள் அத்தனை இருந்ததா என்று நான் வாயைப் பிளந்தேன். மயக்கத்திலேயே மைனர் நீளமாக ஒரு மூச்சு விட்டது. அதன் வயிறு என் கண்ணெதிரே இளகித் தாழ்ந்தது.

பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடி மீசையில் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கக் கை இல்லை, இரண்டு கைகளிலும் பூனையின் கால்கள். இந்த மனிதர் மைனர் மேல் உள்ளுக்குள் இவ்வளவு பாசம் வைத்திருந்தாரா என்று எனக்கு அவர் மேல் அன்று புதிதாக ஒரு மரியாதை வந்தது.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே எங்களைத் திட்டினார். இதமான திட்டு. ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் நுனியில் மிகச் சன்னம், பையில் மணல் போலப் படிந்து அங்கே வந்து அடைத்துக்கொள்ளும், பெட்டைக்குக் குழாய் அகலம் என்பதால் பெரும்பாலும் தப்பித்துவிடும் என்றார். "அடிக்கடி போய் உட்காருது, முக்குது, ஒண்ணும் வரல, இல்ல சொட்டுச் சொட்டா ரத்தம் வருதுன்னா அதுக்கு மேல ஒரு வேளை காத்திருக்கக்கூடாது. எண்ணெய் ஊத்திப் பார்த்துட்டு இருக்கக்கூடாது. வாந்தி எடுக்குதுன்னா விஷம் ரத்தத்துல ஏற ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் விட்டுட்டு வந்திருந்தீங்கன்னா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது." கருவாட்டை நிறுத்தச் சொன்னார். சோற்றைத் தண்ணீர்விட்டுக் குழைத்துக் கொடுக்கச் சொன்னார். மறுபடியும் வரலாம், கவனமாகப் பார்க்கவேண்டும் என்றார். இதெல்லாம் எனக்கு மனப்பாடமாக நினைவிருக்கிறது, ஏனென்றால் எல்லாவற்றையும் நான் மைனருக்காகக் கேட்டுக்கொண்டேன்.

அதன்பிறகு பெரியப்பா கேட்க ஆரம்பித்தார்.

"ஏனுங்க டாக்டரு, மணலு சேந்து கல்லாவே போயிருச்சுன்னு வெச்சுக்கங்க. அப்ப கத்தி வெச்சுத்தான் எடுக்கோணுமுங்களா?"

"சிலதுக்கு வைக்க வேண்டியிருக்கும்."

"கத்தி வெச்சாப் பொழைக்குமுங்களா?"

"நேரத்தோட வந்தா பிழைக்கும். பயப்பட ஒண்ணும் இல்ல."

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். "நூலாட்டம் வந்துட்டு இருக்கும், பட்டுனு நின்னு போயிரும். செத்த நேரம் படுத்துப் பொரண்டு எந்திரிச்சா மறுக்காக் கொஞ்சம் வரும். ராத்திரிக்கு ஏழெட்டுத் தடவ எந்திரிக்கோணும். அப்படி இருந்தா அது என்னங்க?"

எனக்குப் பொறுக்கவில்லை. "பெரியப்பா, மைனரு ராத்திரியில ஊட்டுலயே இருக்காதுங்களே. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என்ன வயசு ஆகுது?" என்று கேட்டார்.

"அம்பத்தா..." என்று ஆரம்பித்த பெரியப்பா நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "அஞ்சாறு வருசம் இருக்குமுங்க" என்றார்.

"மூணு வயசுதானுங்க டாக்டர்!" என்றேன் நான். மைனரின் வயதுகூடத் தெரியாதவரோடு வந்திருக்கிறோமே என்று எனக்கு வருத்தம்.

டாக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்துபோயிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. "பாப்பா, நீ கெட்டிக்காரி. வெளியே கம்பவுண்டர்கிட்ட போய் உன் பூனைக்கு ஒரு கிண்ணத்துல தண்ணி வாங்கிட்டு வா. அவசரம் இல்ல, மெதுவா வா" என்றார்.

கம்பவுண்டர் ஒரு எருமையின் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டிருந்ததால் எனக்குத் தண்ணீர் கிடைக்க நேரமாயிற்று. கிண்ணத்தோடு சன்னலைக் கடந்தபோது உள்ளே பார்த்தேன். டாக்டர் மேசையில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார். பெரியப்பா எதிரில் குனிந்து நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், பள்ளிக்கூடத்தில் நான் தப்பை ஒத்துக்கொள்ளும்போது நிற்பேனே, அந்த மாதிரி. எழுதி முடித்ததும் டாக்டர் எழுந்துவந்து அவர் தோளில் கை வைத்தார். அப்பன் வயதுள்ள ஒருவர் தோளில், நான்கு ஊர் கும்பிடும் ஒருவர் தோளில் அப்படிக் கை வைத்ததை வேறு யாராவது பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

நான் உள்ளே போனபோது சீட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தார். "திங்கக்கிழமையே சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போயிடணும். தள்ளிப் போடக்கூடாது. சீட்டுல எல்லாம் எழுதியிருக்கேன், நீங்க வாயைத் திறந்து சொல்ல வேண்டியதே இல்ல. காட்டினாப் போதும்."

"பெரியாஸ்பத்திரியில பூனையெல்லாம் சேத்துக்குவாங்களா டாக்டர்?" என்று கேட்டேன்.

டாக்டர் என் கன்னத்தைத் தட்டினார். "இந்தப் பூனையைச் சேர்த்துக்குவாங்க" என்றார். பெரியப்பா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மைனர் அன்று சாயங்காலமே கண் விழித்துத் தள்ளாடி நடந்தது. ஒரு பழைய இரும்புச் சட்டியில் மணலைக் கொட்டி அதன் பக்கத்தில் வைத்து, போய் உட்காரும்போதெல்லாம் மணல் நனைகிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் தடவையாக நன்றாக நனைந்தது. "ஈரமுங்க! ஈரமுங்க!" என்று தோட்டம் முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினேன். அம்மா விளக்கெண்ணெய்க்காக மைனரிடம் மன்னிப்புக் கேட்டார், அதாவது இரண்டு கரண்டி பால் விட்டார்.

திங்கட்கிழமை விடியற்காலையில் மைனருக்குச் சேலம் பயணத்துக்காகத் துணி மடித்துக் கூடையைத் தயார் செய்து வைத்தேன். பெரியப்பாவும் அப்பாவும் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். அப்பாவின் கையில் ஒரு மஞ்சள் பை. கூடையை யாரும் தொடவில்லை. சீட்டு பெரியப்பாவின் சட்டைப் பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "மைனரு, மைனரு" என்று நான் பின்னாலேயே அழுதுகொண்டு ஓடினேன். அம்மா வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார். பெரியப்பா ஏதோ வழக்கு விஷயமாக வக்கீலைப் பார்க்கப் போகிறார் என்று சொன்னார்கள்.

அப்பா அவ்வப்போது வந்து போனார். பெரியம்மாவும் சேலத்துக்குப் போய்விட்டார். பெரியப்பா மூன்று வாரம் கழித்துத்தான் வந்தார். இளைத்துப்போய், மீசை தொங்கி, அடிமேல் அடி வைத்து நடந்து வந்தார். வழக்கில் தோற்றுவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆனாலும் என் கோபம் தீரவில்லை. கட்டிலில் அவர் சாய்ந்ததும் போய் நின்று, "மைனருக்குக் குடுத்த சீட்ட என்னங்க பண்ணுனீங்க?" என்று கேட்டேன்.

"தொலைச்சுப்போட்டேஞ் சாமி" என்றார். பெரியம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். சிரித்தாரா அழுதாரா என்று அப்போது தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிற்பாடு அவரே சொன்னார்.

பெரியம்மா அதை எனக்குச் சொல்ல எனக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தையும் பிறக்க வேண்டியிருந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாகவே பெரியப்பாவுக்கு அந்த வலி இருந்திருக்கிறது. ரத்தம் போயிருக்கிறது. பெரியம்மாவுக்குத் தெரியும். காலைப் பிடித்துக் கெஞ்சியும் இருக்கிறார். ஆனால் முன்பின் தெரியாத ஒருவன் முன்னால் வேட்டியை அவிழ்த்து நிற்க அந்த மனிதரால் முடியவில்லை, செத்தாலும் சரி என்று இருந்திருக்கிறார். சேலத்தில் வெட்டி எடுத்த கல் கோழி முட்டையில் பாதி இருந்ததாம். இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் இரண்டு பக்கச் சிறுநீரகமும் போயிருக்கும் என்று அங்கே சொன்னார்களாம். அதன்பிறகு அவர் பதினேழு வருஷம் இருந்தார். என் கல்யாணத்தில் பந்தி விசாரித்தார். என் மகனைத் தூக்கி வைத்துக்கொண்டு காது குத்தினார். மைனர் நான்கு வருஷம் இருந்தது. நடுவில் ஒரு தடவை மறுபடியும் அதற்கு அடைத்தது. அன்று முதல் முக்கலிலேயே பெரியப்பா கூடையைத் தேடினார், யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த டாக்டரின் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. டாக்டர் தம்பி என்றுதான் பெரியம்மா சொல்வார். அடுத்த வருஷமே வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கவேண்டும். மருந்து எல்லா டாக்டரும் கொடுப்பார்கள். ஒரு மனிதரைப் பூனை என்று ஒத்துக்கொண்டு, கடைசிவரை அந்தப் பேச்சை மாற்றாமல் வைத்தியம் சொன்னவரை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

அவர் மாற்றலாகிப் போவதற்கு முன்னால் ஒரு நாள் நாங்கள் எல்லோரும் ராசிபுரம் போனோம். பெரியம்மா வீட்டில் காய்ச்சிய நெய் ஒரு பெரிய தூக்குப் போசி நிறைய. கடலைக்காய் ஒரு மூட்டை. மாடுகளும் ஆடுகளும் பார்த்துக்கொண்டிருக்க, பெரியம்மா தன் மகள் வயதுகூட ஆகாத அந்தப் பையனை இரண்டு கைகளையும் எடுத்துக் கும்பிட்டார். டாக்டர் கூச்சத்தில் நெளிந்து, "பூனை நல்லா இருக்காம்மா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்குதுங்க சாமி. நல்லாச் சாப்புடுது, நல்லாத் தூங்குது" என்றார் பெரியம்மா. சொல்லிவிட்டு அழுதார். பெரியப்பா பக்கத்தில் நின்று தரையைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்துப் பெண்ணிடம் பெருமையாகச் சொன்னேன். எங்கள் வீட்டில் பூனைக்கு ஊசி போட்ட டாக்டருக்கு ஒரு போசி நெய்யும் ஒரு மூட்டைக் கடலைக்காயும் கொடுத்தோம் என்று. ஒரு பூனைக்கு அவ்வளவா என்று அவள் நம்பவில்லை. எங்கள் பெரியப்பாவுக்கு மைனர் என்றால் உயிர், உனக்குத் தெரியாது என்று அவளோடு நான் சண்டை போட்டேன்.